ஏரிக்கரையில் ஒரு குரல்

ஜினீவா ஏரியின் கிழக்குக் கோடியில், மலைச் சரிவுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறது மாந்த்ரோ என்னும் ஊர். அதன் பெயரைப் பிரெஞ்சு பாஷையில் எழுதும்போது கடைசியில் 'எக்ஸ்' என்ற எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். வாயால் சொல்லும்போது அதை விட்டுவிடுகிறார்கள். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்பது அந்தப் பாஷையின் சம்பிரதாயம். அதில் தலையிட நமக்கு அதிகாரம் இல்லை.

லோஸான் நகரத்தில் ரயில் ஏறினால் அரை மணிக்குள் மாந்த்ரோ வந்துவிடும். வலதுபுறத்து ஜன்னல் ஓரமாக இடம் பிடித்துக் கொள்வது உத்தமம். இடதுபுறம் கல்வரப்புகள் படிப்படியாக உயர, அவற்றின்மீது திராட்சைத் தோட்டங்கள் மலை ஏறிப் போகின்றன. வலதுபுறம் முழுவதும் ஏரிதான். ஏரி என்றதும் நம் ஊர் ஏரியையும் மதகையும் நினைத்துக் கொள்ளக்கூடாது. இதன் பரப்பு சுமார் 580 சதுர கிலோ மீட்டர்; ஆழம் அதிகமான இடத்தில் 310 மீட்டர். அக்கரையில் தெரிவது பிரான்ஸ் தேசத்து மலைகள். தென்கிழக்கே திரும்பினால், 3,257 மீட்டர் உயரத்தில் பனி மூடிய டான் தியு மிதி சிகரங்கள் வரிசையாய்ப் பல்லைக் காட்டிக் கொண்டு நிற்கின்றன. சிகரங்களுக்குப் பெயரே 'தெற்கத்திப் பற்கள்' என்றுதான்.

இந்தக் கரைக்கு வந்து போனவர்கள் சாமானியர்கள் அல்லர். கவி பைரன் 1816-ம் வருஷம் வந்து, பக்கத்திலுள்ள ஷியோன் கோட்டையின் நிலவறையைப் பார்த்துவிட்டு அதன் கைதியைப்பற்றிக் காவியம் எழுதினார். ருஷ்ய தேசத்துச் சங்கீத மேதை சைக்காவ்ஸ்கி, 1878-ல் கிளாரான் என்ற இதே கரை ஊரில் தங்கித் தம் பிரசித்தி பெற்ற வயலின் கிருதியை அமைத்தார். சார்லி சாப்ளின் தம் கடைசி இருபத்தைந்து வருஷங்களை வெவே நகரின் அருகே கழித்தார். இன்னொரு செய்தி நேயர்களுக்கு விசேஷமாக இனிக்கும். 1931-ம் வருஷம் டிசம்பர் மாதம், லண்டன் வட்டமேஜை மகாநாட்டை முடித்துக்கொண்டு திரும்பிய மகாத்மா காந்தி, மாந்த்ரோவுக்கு அடுத்த வில்நவ் என்ற ஊரில் ரொமேன் ரோலந்தின் விருந்தினராகச் சில நாட்கள் தங்கினார். ரோலந்து பியானோவில் பீத்தோவனுடைய சங்கீதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினார்.

இத்தனை பெரியவர்கள் நடமாடிய கரைக்கு நாம் சென்றது இவர்களில் ஒருவரையும் உத்தேசித்து அல்ல. 'ஹார்டு ராக்' என்னும் உரத்த சங்கீதத்தைப் பாடி உலகப் புகழ் பெற்ற பாடகர் ஒருவர், சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்தபின் இவ்வூரில் ஓர் அறையில் நின்று பாடினார். பாட்டு முடிவதற்குள் போய்விட்டார். நான்கு வருஷம் கழித்து அந்தப் பாட்டு முடிந்து வெளிவந்தது. முடித்தவர்கள் யார், எப்படி முடித்தார்கள், அப்படி முடிக்கலாமா என்ற கேள்விகள் நம் மனத்தில் வெகு நாளாக இருந்தன. ஆகவே அந்த அறையைப் பார்ப்பதற்கென்றே சென்றோம். பாடகரின் பெயர் பிரெட்டி மெர்க்குரி.

ஹார்டு ராக் என்ற சொல்லைப் பார்த்ததும் சில நேயர்கள் காதைப் பொத்திக் கொள்ளலாம். மின்சாரக் கிதாரின் இரைச்சலும் மத்தளங்களின் இடியும் சேர்ந்தது அது என்பது மெய்தான். ஆனால் அந்த இடிக்கு நடுவே ஸ்தாயி தவறாமல், சொல் மழுங்காமல் ஒரு மனிதக் குரல் மேலெழுந்து நிற்க வேண்டுமானால் அந்தச் சாரீரத்துக்கு எத்தனை பலம் இருக்க வேண்டும் என்பதையும் யோசிக்கலாம் அல்லவா?

மெர்க்குரியின் இயற்பெயர் பரோக் புல்ஸாரா. 1946-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி ஸான்ஸிபார் தீவில் பிறந்தார். பெற்றோர் குஜராத் பிரதேசத்துப் பார்ஸிகள்; தகப்பனார் பொமி புல்ஸாரா தீவில் பிரிட்டிஷ் சர்க்கார் காரியாலயத்தில் காசாளராக உத்தியோகம் பார்த்தார். எட்டு வயதில் பிள்ளையைக் கப்பலேற்றி நம் தேசத்துக்கு அனுப்பினார்கள். பம்பாய்க்குத் தெற்கே மலைமேலுள்ள பஞ்சகனியில், ஸெயின்ட் பீட்டர்ஸ் பள்ளிக்கூடத்தின் விடுதியில் பையன் வளர்ந்தான். பியானோ கற்றான். பன்னிரண்டாம் வயதில் சக மாணவர்களோடு 'ஹெக்டிக்ஸ்' என்ற வாத்திய கோஷ்டியில் சேர்ந்து வாசித்தான். 1963-ல் ஸான்ஸிபார் திரும்பினான். மறு வருஷமே தீவில் புரட்சி மூண்டது. குடும்பம் இருந்ததை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போய், லண்டன் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள பெல்தம் என்ற பேட்டையில் குடியேறிற்று.

பிற்காலத்தில் தம் பூர்விகத்தைப்பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. இங்கிலாந்து ரஸிகர்களில் பலர் அவரை இந்திய வம்சத்தவர் என்று அறியாமலே ரஸித்து வந்தார்கள். இன்றோ நாம் எல்லோரும் அவரை நம்மவர் என்று மார் தட்டிக்கொள்கிறோம். அவர் உயிரோடிருந்தபோது நம்மில் எத்தனை பேர் தட்டினோம் என்பதை விசாரிக்காமல் இருப்பதே மரியாதை.

லண்டனில் ஈலிங் கலாசாலையில் சித்திர வேலை படித்து 1969-ல் வெளிவந்தார். 1970-ல் வானசாஸ்திர மாணவரான பிரையன் மே என்ற கிதார் வித்வானுடனும், ரோஜர் டெய்லர் என்ற டிரம்ஸ் வாத்தியக்காரருடனும் கூடி 'க்வீன்', அதாவது ராணி, என்ற கோஷ்டியை ஸ்தாபித்தார். 1971-ல் ஜான் டீக்கன் மந்தர ஸ்தாயிக் கிதார் வாசிக்க வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு நால்வரும் பிரியவில்லை, மரணம்தான் பிரித்தது.

அவர்கள் பாட்டுக்களையெல்லாம் இங்கே வரிசைப்படுத்தப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பின்னால் வரப்போகும் விஷயத்துக்கு அது அவசியம். 1975-ல் வந்த 'பொஹீமியன் ராப்ஸடி' ஏறக்குறைய ஆறு நிமிஷப் பாட்டு. அதில் ஐரோப்பிய நாடக மேடையின் பெருங்குழுவே பாடுவதுபோல் ஓர் இடம் வரும். பாடியவர்களோ மூன்றே பேர். மெர்க்குரி, மே, டெய்லர். ஒலிப்பதிவு நாடாவில் பக்கம் பக்கமாகப் பல தடங்கள் உண்டு. ஒவ்வொரு தடத்திலும் ஒரு குரலையோ வாத்தியத்தையோ தனியாகப் பதியலாம். முதலில் பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்த தடத்தில் பாடலாம். இப்படி அடுக்கிக்கொண்டே போய் மூன்று பேர் ஒரு பட்டாளமானார்கள். இங்கிலாந்தில் அந்தப் பாட்டு ஒன்பது வாரம் முதல் ஸ்தானத்தில் நின்றது. பழைய காலத்து இசைத்தட்டுக்குப் பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே சமயத்தில் ஒரே அறையில் இருந்தாக வேண்டும். தடங்கள் பிரிந்தபின் அந்தக் கட்டாயம் போயிற்று. ஒருவர் இன்று பாடலாம். மற்றவர் நாளை வாசிக்கலாம். பாடியவர் நாளை இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. இந்தக் கடைசி வசதியை அப்போது யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அரங்கத்திலோ அவருக்கு யந்திரத் துணை வேண்டியிருக்கவில்லை. 1985 ஜூலை 13-ந் தேதி, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்லி மைதானத்தில் 'லைவ் எய்ட்' கச்சேரி நடந்தது. க்வீன் கோஷ்டிக்குக் கிடைத்தது சுமார் இருபது நிமிஷம். நடுவில் மெர்க்குரி வார்த்தையில்லாத ஸ்வரங்களாக ஒன்றைப் பாடி நிறுத்தினார். எழுபதினாயிரத்துச் சொச்சம் ஜனங்கள் அதைத் திருப்பிப் பாடினார்கள். அவர் இன்னும் கடினமாக ஒன்றைப் பாடினார், அதையும் பாடினார்கள். மறு வருஷம் ஆகஸ்டு 9-ந் தேதி நெப்வொர்த்தில் நடந்த கச்சேரியே இந்த நால்வரும் சேர்ந்து செய்த கடைசிக் கச்சேரி.

இனி மாந்த்ரோவுக்குத் திரும்புவோம். ஏரிக்கரையோடு நடந்தால் சூதாட்ட மாளிகை ஒன்று வருகிறது. 1971 டிசம்பர் 4-ந் தேதி இங்கே பிராங்க் ஸப்பா என்ற அமெரிக்கரின் கச்சேரி நடந்து கொண்டிருந்தபோது, கூட்டத்தில் எவரோ வாணத்தைக் கொளுத்திவிட, கூரை பற்றிக்கொண்டு மாளிகை முழுவதும் எரிந்து போயிற்று. தெய்வாதீனமாக உயிர்ச்சேதம் இல்லை. ஒலிப்பதிவுக்காக ஊருக்கு வந்திருந்த 'டீப் பர்ப்பிள்' கோஷ்டியார் ஏரியின்மேல் புகை பரவியதைப் பார்த்து எழுதிய பாட்டு, இன்றும் கிதார் கற்கத் தொடங்கும் பையன்கள் எல்லோரும் முதலில் தட்டிப் பார்க்கும் பாட்டாக இருக்கிறது. அண்டை வீட்டாரைக் கேட்டால் சொல்வார்கள்.

மாளிகையை மறுபடி கட்டி 1975-ல் திறந்தார்கள். அதற்குள்ளேயே 'மவுன்டன் ஸ்டூடியோ' என்ற ஒலிப்பதிவுக் கூடமும் அமைந்தது. க்வீன் கோஷ்டியார் 1978-ல் இங்கே வந்து பதிவு செய்தார்கள். இடம் பிடித்துப்போய் 1979-ல் கூடத்தையே வாங்கிவிட்டார்கள். இடம் பிடித்தது மற்றவர்களுக்கு. மெர்க்குரிக்கு முதலில் இவ்வூர் அவ்வளவாக ரஸிக்கவில்லை. இரவு முழுவதும் விளக்கும் கூட்டமும் வேண்டியவர் அவர். பத்து மணிக்குக் கதவைச் சாத்தித் தூங்கப் போகும் ஊரை அவர் எப்படி விரும்புவார்?

1987-ல் எய்ட்ஸ் நோய் அவரைப் பற்றியிருப்பது தெரிந்தது. அந்த நாளில் அதை அடக்கி வைக்கக்கூடிய மருந்து இல்லை. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை 1996-ல்தான் வழக்கத்துக்கு வந்தது. நோயைவிட நோயைப்பற்றிய அவதூறு பொல்லாததாக இருந்த காலம். லண்டனில் அவர் வீட்டு வாசலில் பத்திரிகைக்காரர்கள் காமிராவும் கையுமாகக் காத்துக் கிடந்தார்கள். மாந்த்ரோவில் அந்தத் தொல்லை இல்லை. முன்னே அலுப்பைத் தந்த ஊர் அடக்கமே இப்போது அவருக்கு வரமாயிற்று. ஏரியைப் பார்த்து உட்கார்ந்து 'எ வின்டர்ஸ் டேல்' என்ற பாட்டை எழுதினார். குளிர்காலத்துக் கதை என்பது அதன் பொருள். உள்ளே இருப்பது இந்த ஏரியும் இந்த மலையும் இந்த வானமும்தான். தாமே தனியாக எழுதிய பாட்டுக்களில் அது கடைசி.

1991 பிப்ரவரியில் 'இன்யுவென்டோ' என்ற தொகுப்பு வெளிவந்தது. மற்றொருவராயிருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். இவரோ உடனே தோழர்களைக் கூட்டிக்கொண்டு மாந்த்ரோவுக்கு வந்துவிட்டார். தமக்கு அதிக காலம் இல்லை என்றும், எதையாவது எழுதிக்கொண்டே இருக்க வேண்டும் என்றும், தாம் பாடி வைத்துவிட்டால் மீதியைப் பிறகு அவர்கள் முடித்துக் கொள்ளலாம் என்றும் அவர் சொன்னதாக மே பல முறை தெரிவித்திருக்கிறார். வாத்தியங்களை ஏற்பாடு செய்யக்கூட அவகாசம் இல்லை. தாளத்துக்கு ஒரு யந்திரத்தை ஓடவிட்டு, அதன்மேல் குரலைப் பதிந்தார்கள். நிற்க முடிந்த நாட்களில், நிற்க முடிந்த நேரத்துக்கு மட்டும் அவர் வருவார்.

அந்த வருஷம் மே மாதம் பதிந்த பாட்டுக்கு 'மதர் லவ்' என்று பெயர். தாயன்பு என்று சொல்லலாம். மேயும் மெர்க்குரியும் சேர்ந்து எழுதினார்கள். ஒரு வரி எழுதுவார்கள். அதை அப்போதே பாடிவிடுவார். பிறகு அடுத்த வரி. நடுவில் ஓரிடத்தில், பாட்டு இங்கே இன்னும் மேலே போக வேண்டும் என்று அவரே பிடிவாதம் பிடித்தாராம். கால் ஊன்றி நிற்கச் சிரமப்பட்ட மனிதர், சுகதேகிகளுக்கே எட்டாத ஸ்தாயியை எட்டிப் பாடினார். கடைசிச் சரணத்துக்கு வந்தபோது களைத்துவிட்டார். திரும்பி வந்து முடிக்கிறேன் என்று சொல்லிச் சென்றவர் திரும்பவில்லை. நவம்பர் 23-ந் தேதி தம் நோயை உலகுக்கு அறிவித்தார். மறு நாள், 24-ந் தேதி, லண்டனில் காலமானார். வயது நாற்பத்தைந்து. பார்ஸி ஆசாரப்படி அந்தியக் கிரியைகள் நடந்தன.

மாளிகைக்குள் அந்த அறையை 2013 டிசம்பரில் பொதுஜனங்கள் பார்ப்பதற்காகத் திறந்தார்கள். மிகவும் சிறிய அறை. பிரும்மாண்டமான எதையோ எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். நாம் போனபோது வந்தவர்கள் கைவைத்துப் பார்ப்பதற்காக ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் விசைப்பலகை ஒன்று இருந்தது. ஒரு விசையை இறக்கினால் கிதார் மறைகிறது. இன்னொன்றை இறக்கினால் தாளம் நிற்கிறது. நமக்கு முன்னால் நின்ற இளைஞன் ஒருவன் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் இறக்கினான். கடைசியில் குரல் மட்டும் நின்றது. வாத்தியங்கள் மூடி மறைத்திருந்த மூச்சு இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அவன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். பின்னால் நின்றவர்கள் யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

மெர்க்குரி போனபின் மற்ற மூவரும் நாடாக்களைத் தொடச் சிறிது காலம் பிடித்தது. 1993-ல் தொடங்கிய வேலை இரண்டு வருஷம் நீண்டது. 1995 நவம்பர் 6-ந் தேதி 'மேட் இன் ஹெவன்', சுவர்க்கத்தில் செய்தது, என்ற தொகுப்பு வெளியாயிற்று. இங்கிலாந்தில் முதல் ஸ்தானத்தைப் பிடித்தது. அதைக் கேட்பவர்கள் எல்லாம் அவர் மரணப் படுக்கையில் பாடிய பாட்டுக்கள் என்று நினைத்து உருகுகிறார்கள். உண்மை அப்படி இல்லை. இதைச் சொல்லுவதால் ரஸிகர்கள் கோபிக்கக் கூடாது. கடைசி மாதங்களில் பிறந்த பாட்டுக்கள் மிகச் சில. தொகுப்பின் பெயரைத் தாங்கிய பாட்டும் 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ' என்பதும் 1985-ல் அவர் தனியாக வெளியிட்டவை. அவற்றின் குரலை மட்டும் நிறுத்திக்கொண்டு, பழைய வாத்தியங்களைக் கழற்றி எறிந்துவிட்டு, மூவரும் தங்கள் பாணியில் புதிதாக வாசித்தார்கள். 'ஹெவன் ஃபார் எவ்ரிஒன்' 1987-ல் டெய்லரின் வேறொரு கோஷ்டிக்காகப் பாடிக் கொடுத்தது. முதற் பாட்டு, 1980-ல் மூனிச் நகரில் பியானோ முன்பு உட்கார்ந்து விளையாட்டாக முனகியது. அதை நீட்டிப் பாட்டாக்கினார்கள். 'யூ டோன்ட் ஃபூல் மீ' என்பது இன்னும் விசித்திரம். டேவிட் ரிச்சர்ட்ஸ் என்ற ஒலிப்பதிவு நிபுணர் மிச்சம் மீதியாகக் கிடந்த குரல் துண்டுகளை எடுத்து ஒட்டி ஒட்டி, ஏறக்குறைய இல்லாத பாட்டை இருப்பதாக்கினார்.

இதெல்லாம் நியாயமா என்று கேட்கலாம். நம் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். ஒப்படைத்தது வேறு, பெட்டியைத் துழாவி எடுத்தது வேறு. மாந்த்ரோவில் பாடியதை அவர் தம் தோழர்களிடம் ஒப்படைத்தார். முடித்துக் கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னார். அதை முடிக்காமல் விட்டிருந்தால்தான் குற்றம். 1985-ம் வருஷத்துப் பாட்டுக்களை மாற்றி அமைக்கச் சொல்லி அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவை கேட்க நன்றாயிருக்கின்றன. பழையவற்றைவிட நன்றாகவே இருக்கின்றன என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அவற்றில் தோழர்களின் ஆசை தெரிகிறதே தவிர, போனவரின் சம்மதம் தெரியவில்லை.

'மதர் லவ்' பாட்டின் கடைசிச் சரணத்தை என்ன செய்தார்கள் என்பதைப் பாருங்கள். முன் வரிகளிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி, அவரே பாடியதுபோல் காட்டியிருக்கலாம்; ரிச்சர்ட்ஸின் சாமர்த்தியத்துக்கு அது அசாத்தியமாயிருந்திராது. அப்படிச் செய்யவில்லை. மெர்க்குரி நிறுத்திய இடத்தில் மே தம் குரலில் பாடுகிறார். மேயின் சாரீரம் மெல்லியது, அவருடையதற்கு ஈடாகாது. குரல் மாறும் அந்தக் கணத்தில், ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார் என்பது பாஷை தெரியாதவனுக்குக்கூடப் புரிந்துவிடும். பிறகு வெம்ப்லியில் ஜனங்களைப் பாடவைத்த பழைய குரல் தூரத்தில் கேட்கிறது; வாலிப வயதில் அவர் பாடிய பாட்டின் ஒரு துணுக்கு ஓடி மறைகிறது; ஒரு குழந்தை அழுகிறது. இந்த அலங்காரங்கள் சற்று அதிகம் என்பது நம் எண்ணம். குரல் மாறிய இடத்திலேயே பாட்டு நம்மைச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

ஜான் டீக்கன் 1997-க்குப் பிறகு பொது வாழ்விலிருந்து முற்றும் விலகிவிட்டார். மற்ற இருவரும் நாடாக்களைத் தேடுவதை நிறுத்தவில்லை. 1983-ல் பாடி ஒதுக்கிய ஒரு பாட்டு 2014-ல் வந்தது. 1988-ல் பதிந்து, தேறாது என்று கிடந்த 'ஃபேஸ் இட் அலோன்' என்பதைச் சீர் செய்து 2022 அக்டோபரில் வெளியிட்டார்கள். அது முழுவதும் அவர் குரல். குறை உள்ளது குறையுடனே இருக்கிறது. கேட்கலாம், நாம் கேட்டோம். இப்போது இறந்தவர் குரலைக் கற்றுக்கொண்டு, அவர் ஒரு நாளும் பாடாத பாட்டை அந்தக் குரலிலேயே பாடக்கூடிய யந்திரங்கள் வந்துவிட்டன. அந்த யந்திரத்துக்கு மூச்சு இழுக்க வேண்டிய தேவை இல்லை. களைத்துப்போய், நாளை வந்து முடிக்கிறேன் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது.

மாளிகையிலிருந்து கரையோடு சிறிது தூரம் நடந்தால் சந்தைச் சதுக்கம். அங்கே ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்தில் மெர்க்குரியின் வெண்கலச் சிலை நிற்கிறது. செக் தேசத்தில் பிறந்த இரேனா ஸெட்லெட்ஸ்கா என்ற அம்மையார் செய்தது. வலது கை முஷ்டியை வானை நோக்கி உயர்த்தி, ஊருக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்துக் கொண்டிருக்கிறார். அடியில் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். 'மேட் இன் ஹெவன்' இசைத்தட்டின் அட்டையில் இருப்பது இந்த உருவம்தான். 1996 நவம்பர் 25-ந் தேதி திறப்பு விழா நடந்தது. அவருடன் சேர்ந்து பாடிய ஸ்பெயின் தேசத்து நாடக மேடைப் பாடகி மான்ட்ஸெராட் கபாயே வந்திருந்தார்; மேயும் டெய்லரும் வந்திருந்தார்கள். அந்த அம்மையாரோடு சேர்ந்து திரையை விலக்கியவர் ஸான்ஸிபாரில் காசாளராயிருந்த பொமி புல்ஸாரா.